18 மெகாஹெர்ட்ஸ் கிளாக் பக்கத்து டிராக்கில் ஏறுகிறது: இரண்டு லேயர் போர்டில் கிராஸ்டாக்கைக் குறைப்பது எப்படி?

துருமானி (காரைக்குடி):

எல்லாருக்கும் வணக்கம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறதா என்று பார்க்கும் லாகர் போர்டு இது. புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் ஊறல் தொட்டிச் சுவரில் வைக்க வேண்டும். செம்பு–செம்பு சல்பேட் மின்முனைக்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் நடுவில் எத்தனை மில்லிவோல்ட் என்று பதிவு செய்வதுதான் வேலை.

போர்டு இரண்டு லேயர், 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4 (கண்ணாடியிழைப் பலகை), அளவு 100 × 140 மி.மீ. டிராக் அகலம் 0.25, இடைவெளி 0.2 மி.மீ. எஸ்.டி.எம்.32 எஃப்103 மைக்ரோ (மைக்ரோகண்ட்ரோலர்), 72 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. டிஸ்ப்ளேக்குப் போகும் எஸ்.பி.ஐ. (தொடர் தரவு இணைப்பு) கிளாக் 18 மெகாஹெர்ட்ஸ். அந்த கிளாக் டிராக்கும், 24 பிட் ஏ.டி.சி.யிலிருந்து (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் சிப்) புது அளவு தயார் என்று சொல்ல மைக்ரோவுக்கு வரும் 'டேட்டா ரெடி' டிராக்கும் 11 செ.மீ. தூரம் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. கீழ் லேயரில் கிரவுண்ட் ஃபில் (கிரவுண்டில் சேர்த்த செம்புப் பரப்பு) இருக்கிறது. ஆனால் நாலைந்து டிராக் அதைக் குறுக்கே வெட்டுகிறது.

தொல்லை இரண்டு. ஒன்று, டிஸ்ப்ளே திரையை மாற்றி எழுதும்போதெல்லாம் பொய்யான டேட்டா ரெடி இன்டரப்ட் (மைக்ரோவை உடனே கவனிக்க வைக்கும் அழைப்பு) வருகிறது. இரண்டு, அதே நேரத்தில் மின்முனை அளவு 4 முதல் 6 மில்லிவோல்ட் ஒரே பக்கமாகத் தள்ளிப் போகிறது. 64 முறை அளந்து சராசரி எடுத்தாலும் அந்தத் தள்ளல் போகவில்லை.

கிளாக்குக்கும் டேட்டா ரெடிக்கும் நடுவில் ஒரு கார்டு டிராக் (தடுப்புச் செம்புக் கோடு) விட்டு ஒரு முனையை கிரவுண்டில் சேர்த்துப் பார்த்தாயிற்று. பலன் இல்லை. கையில் 10 போர்டு இருக்கிறது, அடுத்து 25 போர்டு அடிக்கப் போகிறோம். இருக்கிறதை எப்படிச் சரிசெய்வது, அடுத்ததில் எதை மாற்றுவது?

வயா_பத்து (கோட்டையூர்):

இடைவெளி ரொம்பக் குறைச்சல்ங்க. மூணு டபிள்யூ விதின்னு சொல்வாங்கல்ல, டிராக் மையத்துக்கும் மையத்துக்கும் நடுவுல அகலத்தைப் போல மூணு மடங்கு. உங்க 0.25 அகலத்துக்கு மையத் தூரம் 0.75, அதாவது விளிம்புக்கு விளிம்பு 0.5 மி.மீ. விடுங்க. சரியாயிடும்.

செம்புத்தடம் (தேவகோட்டை):

வயா_பத்து சொன்ன விதி தவறில்லை, ஆனால் அது பாதி விதி. அகலத்தை வைத்து இடைவெளி சொல்வது, டிராக்குக்குக் கீழே கிரவுண்ட் பிளேன் (கிரவுண்ட் செம்புத் தளம்) பக்கத்தில் இருக்கும்போதுதான் பலிக்கும். இந்தப் போர்டில் பிளேன் 1.6 மி.மீ. கீழே இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கிராஸ்டாக் எவ்வளவு என்பதை ஒப்பிட எளிய வாய்ப்பாடு உண்டு. இரு டிராக்கின் மையத் தூரத்தை பிளேன் உயரத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1 கூட்டி, வரும் எண்ணால் 1-ஐ வகுங்கள். வருவது வோல்ட்டேஜில் இத்தனை சதவீதம் என்று அர்த்தமில்லை. ஒரு அமைப்பை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் பயன்படும்.

இப்போது இருப்பது: மையத் தூரம் 0.45, உயரம் 1.6. விடை 0.93.
இடைவெளியை 0.5 ஆக்கினால்: மையத் தூரம் 0.75, உயரம் அதே 1.6. விடை 0.82.
இடைவெளி பழைய 0.2-தான், ஆனால் நாலு லேயர் போர்டில் பிளேன் 0.2 மி.மீ. கீழே: விடை 0.16.
இரண்டையும் செய்தால்: 0.07.

இடைவெளியை இரண்டரை மடங்கு ஆக்கியும் இரண்டு லேயரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைகிறது. டிராக்கை ஒரு இழை நகர்த்தாமல் பிளேனை மட்டும் கிட்டே கொண்டு வந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. காரணம், டிராக்கின் மின்புலமும் காந்தப்புலமும் பிளேன் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அகலத்துக்குப் பரவும். 1.6 மி.மீ. உயரத்தில் பக்கத்து டிராக் அந்தப் பரப்புக்கு நட்ட நடுவில் கிடக்கிறது.

அடுத்தது, கீழ் லேயரில் வெட்டிப் போகும் அந்த நாலைந்து டிராக். இதை நம் ஊர் வீட்டை வைத்தே பார்க்கலாம். வளவைச் சுற்றி நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் நேராக முற்றத்தில் விழுந்து, மூலைத் துவாரம் வழியாக வெளியே போகிறது. துவாரம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தாழ்வாரம் ஏறி அறைக்குள் வரும். கிளாக் டிராக்கில் போகும் மின்னோட்டம் திரும்பி வருவதும் அப்படித்தான்: வேகமான எட்ஜில் (வோல்ட்டேஜ் ஏறும், இறங்கும் கணத்தில்) அது டிராக்குக்கு நேர் கீழேயே திரும்பப் பார்க்கும். அங்கே பிளேன் வெட்டுப்பட்டிருந்தால் வெட்டின் ஓரமாகச் சுற்றி வரும். அதே வெட்டைத் தாண்டும் டேட்டா ரெடியின் திரும்பு மின்னோட்டமும் அதே சுற்றில்தான் வரும். இரண்டுக்கும் பொதுவான இன்டக்டன்ஸ் அங்கே உருவாகிறது. டிராக்குகளை எவ்வளவு தள்ளி வைத்தாலும் இந்த வழியாக வரும் கிராஸ்டாக் குறையாது.

கார்டு டிராக் ஏன் பலிக்கவில்லை என்பதும் கணக்கில் தெரியும். எஃப்.ஆர்.4 மேல் டிராக்கில் சமிக்ஞை ஒரு செ.மீ. கடக்க ஏறத்தாழ 60 பிகோ நொடி. ஒரு முனை கிரவுண்டிலும் மறு முனை திறந்தும் கிடக்கும் 11 செ.மீ. செம்பு, கால் அலைநீள ஒத்ததிர்வி. 380 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அது அதிரும். 1 நானோ நொடி எட்ஜில் அந்த அதிர்வெண் வரை சக்தி இருக்கிறது. கிளாக்கிடமிருந்து வாங்கி டேட்டா ரெடியிடம் கொடுக்கும் இடைத்தரகராக அந்தச் செம்பு மாறிவிடுகிறது. கார்டு டிராக் போட்டால் இரண்டு முனையிலும், நடுவில் 10 மி.மீ.க்கு ஒன்றாகவும் பிளேனுக்கு வயா (லேயர்களை இணைக்கும் செம்புத் துளை) இறக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் கார்டு டிராக்கையே எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறும் இடைவெளியாக விடுவது மேல்.

25 போர்டுதானே, நாலு லேயருக்குப் போங்கள். மேலே சிக்னல், இரண்டாவதும் மூன்றாவதும் முழு கிரவுண்ட், கீழே சிக்னல். 3.3 வோல்ட்டை அகலமான டிராக்காக மேலேயும் கீழேயும் இழுத்துக்கொள்ளலாம். டிராக் மேலிருந்து கீழே மாறும் ஒவ்வொரு இடத்திலும், அந்த வயாவுக்கு 1, 2 மி.மீ. பக்கத்தில் ஒரு கிரவுண்ட் வயா. இல்லாவிட்டால் திரும்பு மின்னோட்டம் இரண்டாவது லேயரிலிருந்து மூன்றாவதுக்குப் போக வழி தேடி அலையும்.

நானோநொடி (பள்ளத்தூர்):

அடுத்த போர்டு பத்தி செம்புத்தடம் அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. கையில இருக்கிற 10 போர்டைப் பாப்போம்.

முதல்ல இது டிராக்குக்கு டிராக் ஏறுறதுதானான்னு உறுதி பண்ணுங்க. மைக்ரோவுல சும்மா இருக்கிற ஒரு பின்னை அவுட்புட் ஆக்கி லோ-வுல வையுங்க. டிஸ்ப்ளேயை நிறுத்தாம எழுத விட்டுட்டு, அந்தப் பின்னை ஸ்கோப்புல பாருங்க. அதுலயும் அதே அளவு ஸ்பைக் வந்தா அது கிரவுண்ட் பவுன்ஸ், அதாவது சிப்போட கிரவுண்டே குதிக்குது. 100 நானோஃபாரட் டிகப்ளிங் கெப்பாசிட்டர் பின்னுக்கு ஒட்டி இருக்கா, கிரவுண்ட் வயா பத்துமான்னு தேடணும். அந்தப் பின் அமைதியா இருந்து டேட்டா ரெடி மட்டும் குதிச்சா கிராஸ்டாக்தான். அஞ்சு நிமிஷ வேலை, ஆனா இதைச் செய்யாம டிராக்கை வெட்டாதீங்க.

ஸ்கோப் புரோபோட 15 செ.மீ. முதலைக்கிளிப் கிரவுண்ட் வயரைக் கழட்டிடுங்க. அந்த வளையமே கிளாக்கைப் பிடிச்சுக் காட்டும். புரோப் நுனியில மாட்டுற ஸ்பிரிங் கிரவுண்டைப் போடுங்க. இன்னொண்ணு, 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்போட சொந்த ரைஸ் டைமே (எட்ஜ் ஏற எடுக்குற நேரம்) 3.5 நானோ நொடி. 1 நானோ நொடி ஸ்பைக் அதுல பாதிக்கும் கீழதான் தெரியும். "ஸ்பைக் சின்னதாத்தானே இருக்கு"ன்னு நம்பிடாதீங்க.

18 மெகாஹெர்ட்ஸைப் பத்திக் கவலைப்பட வேணாம், எட்ஜ் வேகம்தான் பிரச்சனை. மாசத்துக்கு ஒரு தடவை மாறுற லைனா இருந்தாலும் 1 நானோ நொடில மாறினா பக்கத்து லைனைக் குத்தும். உங்க போர்டுல இன்னொரு கெடுதலும் சேர்ந்திருக்கு. கிளாக்கை அனுப்புறதும் மைக்ரோ, டேட்டா ரெடியை வாங்குறதும் மைக்ரோ. கிளாக் கிளம்புற பக்கமே திரும்பி வர்ற கிராஸ்டாக், அதாவது நியர் எண்ட், நேரா அந்த இன்டரப்ட் பின்னுக்குத்தான் வருது. போகவர நேரம் ரைஸ் டைமைத் தாண்டிட்டா இது உச்சத்துக்குப் போயிடும். 1 நானோ நொடி எட்ஜுக்கு அந்த நீளம் 8 செ.மீ. சொச்சம். உங்களுது 11. வாங்குற பின் ஹை இம்பீடன்ஸ்ங்கிறதால வந்த அலை அங்க ஏறக்குறைய ரெண்டு மடங்காவும் ஆகும்.

சரிபண்ற வரிசை:

1. ஃபர்ம்வேர். எஃப்103-ல ஒவ்வொரு அவுட்புட் பின்னுக்கும் 2, 10, 50 மெகாஹெர்ட்ஸ்னு மூணு வேகம் உண்டு. பெரும்பாலான மாதிரி நிரல்ல எல்லாத்தையும் 50-ல வச்சிருப்பாங்க. எஸ்.பி.ஐ. பிரிஸ்கேலரை (கிளாக்கை வகுக்குற எண்) 4-லேர்ந்து 16 ஆக்குங்க, கிளாக் 4.5 மெகாஹெர்ட்ஸ் ஆகும். அப்ப கிளாக், டேட்டா பின் ரெண்டையும் 10 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு இறக்கலாம். டேட்டாஷீட்ல அந்த வேகத்துக்கு ரைஸ் டைம் 25 நானோ நொடி வரைன்னு இருக்கு, 4.5 மெகாஹெர்ட்ஸ்ல அரைச் சுற்றே 111 நானோ நொடி, தாராளம். சிப் செலக்ட், ரீசெட்டெல்லாம் 2 மெகாஹெர்ட்ஸ் போதும். 320 × 240 திரை முழுசும் எழுத 68 மில்லி நொடி ஆனது 273 ஆகும். மாறுன எண்ணை மட்டும் திருப்பி எழுதினா அது கண்ணுக்கே தெரியாது.

2. சீரிஸ் ரெசிஸ்டர். கிளாக் டிராக்கை மைக்ரோ பின்னுலேர்ந்து 5 மி.மீ.க்குள்ள வெட்டி, பச்சைப் பூச்சைச் சுரண்டி, 0603 சைஸ்ல 100 ஓம் வச்சு ஒட்டுங்க. பொதுவா 33 ஓம் போடச் சொல்வாங்க, அது 50 ஓம் டிராக்குக்கு. 0.25 அகலம், 1.6 உயரம்னா டிராக் இம்பீடன்ஸ் 130 ஓம் பக்கம் வருது. ரெசிஸ்டர் கிளம்புற முனையில இருக்கணும். டிஸ்ப்ளே பக்கம் வச்சா 11 செ.மீ.யும் வேகமான எட்ஜ் ஓடி முடிச்சிருக்கும்.

3. டேட்டா ரெடி பின்னுல 1 கிலோ ஓம் தொடர்ச்சியா, பின்னுலேர்ந்து கிரவுண்டுக்கு 100 பிகோஃபாரட். நேர மாறிலி 100 நானோ நொடி, ஒரு நானோ நொடி ஸ்பைக் அதுல கரைஞ்சிடும். இதையே கிளாக் லைன்லயும் போட்டுடாதீங்க, எட்ஜ் சாய்ஞ்சு ரெண்டு தடவை எண்ணிடும்.

4. இன்டரப்ட் உள்ள வந்ததும் 1 மைக்ரோ நொடி விட்டுப் பின்னைத் திரும்பப் படிங்க. லோ-வா இல்லைன்னா வெளிய வந்துடுங்க. இது கடைசிப் பாதுகாப்புதான். இதை மட்டும் நம்பி மத்ததை விட்டுடக் கூடாது.

மில்லிவோல்ட் (கண்டனூர்):

இரண்டாவது தொல்லையை யாரும் தொடவில்லை, அதுதான் இந்தக் கருவிக்கு உயிர். இந்த வகை அளவில் −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் கம்பி அரிக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, −200-க்கு மேலே இருந்தால் அரிக்காமல் இருக்க அதே அளவு வாய்ப்பு என்று பார்ப்பார்கள். 1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் ஊரில் 5 மில்லிவோல்ட் தள்ளலோடு கருவியைக் கொடுக்க முடியாது.

சராசரி எடுத்தும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் தடயம். வெறும் இரைச்சலாக இருந்தால் மேலும் கீழும் சமமாக ஆடி, சராசரியில் அடங்கியிருக்கும். ஒரே பக்கமாகத் தள்ளுகிறது என்றால் கிளாக் எட்ஜ் மின்முனை லைனில் இருக்கும் ஆப்ஆம்ப் (பெருக்கி சிப்) உள்ளீட்டுக்குப் போய், அங்கே உள்ள டிரான்சிஸ்டர்களில் ரெக்டிஃபை ஆகி டி.சி.யாக மாறுகிறது. ஆப்ஆம்ப் பேண்ட்வித் 1 மெகாஹெர்ட்ஸ்தான் என்றாலும் உள்ளீட்டு ஜங்ஷன் நூறு மெகாஹெர்ட்ஸுக்கும் பதில் சொல்லும். டி.சி.யாக மாறிய பிறகு எந்த டிஜிட்டல் ஃபில்டரும் அதைப் பிரிக்காது. ஆப்ஆம்ப்புக்கு முன்னால்தான் தடுக்க வேண்டும்.

மின்முனை லைனில் 10 கிலோ ஓம் தொடராக, ஆப்ஆம்ப் பின்னை ஒட்டி கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட். வெட்டு அதிர்வெண் 16 கிலோஹெர்ட்ஸ், 18 மெகாஹெர்ட்ஸ் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். ரெசிஸ்டரிலிருந்து பின் வரை 3 மி.மீ.க்கு மேல் போகவேண்டாம். அந்தத் துண்டு டிராக்தான் மறுபடி ஆன்டெனாவாகும். கெப்பாசிட்டர் சி0ஜி வகை. எக்ஸ்7ஆர் போட்டால் போர்டைத் தட்டினாலே மில்லிவோல்ட் ஆடும், கசிவும் கூடுதல். ஆலை அதிர்வில் அது ஆகாது. சீமாஸ் ஆப்ஆம்ப் என்றால் உள்ளீட்டு மின்னோட்டம் சில பிகோ ஆம்பியர்தான், 10 கிலோ ஓமால் வரும் பிழை கணக்கில் வராது.

இன்னொன்று, கார்டு டிராக்கும் கார்டு ரிங்கும் ஒன்றல்ல. கிளாக்கைத் தடுக்கும் கார்டு டிராக் கிரவுண்டில் இருக்கும். மின்முனைப் பின்னைச் சுற்றிப் போடும் கார்டு ரிங் கசிவைத் தடுப்பது. அதை பஃபரின் அவுட்புட்டோடு சேர்க்க வேண்டும், அப்போதுதான் பின்னுக்கும் ரிங்குக்கும் வோல்ட்டேஜ் வித்தியாசம் இராது. ரிங் மேல் பச்சைப் பூச்சு வேண்டாம், இரண்டு லேயரிலும் போடுங்கள். சால்டர் பண்ணிய பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். ஊறல் தொட்டிப் பக்கத்து ஆவியில் ஃப்ளக்ஸ் எச்சம் ஈரம் வாங்கினால், கிராஸ்டாக் போன பிறகும் அளவு நகரும்.

இதோடு டிஸ்ப்ளே எழுதும் நேரத்தையும் அளக்கும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். ஏ.டி.சி. முடித்ததும் திரையை எழுதி, பிறகு புதிதாகத் தொடங்கச் சொல்லி, முதலில் வரும் சில மதிப்புகளைத் தள்ளிவிடுங்கள். துரு நிமிடத்துக்கு நிமிடம் மாறாது, அவசரமே இல்லை.

துருமானி (காரைக்குடி):

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். சும்மா இருந்த பின்னில் ஸ்பைக் இல்லை, ஆகவே கிராஸ்டாக்தான். ஒரு போர்டில் ஃபர்ம்வேரை மட்டும் மாற்றினேன்: பொய் இன்டரப்ட் முழுத் திரைக்கு நூற்றுக்கணக்கில் இருந்தது ஒற்றை எண்ணுக்கு வந்தது. கிளாக்கில் 100 ஓமும், டேட்டா ரெடியில் 1 கிலோ ஓம், 100 பிகோஃபாரட்டும் போட்டதும் ஒரு இரவு முழுக்க ஒன்றுகூட இல்லை. மின்முனைப் பக்கம் 10 கிலோ ஓம், 1 நானோஃபாரட் வைத்ததில் தள்ளல் 0.2 மில்லிவோல்ட்டுக்குக் கீழே.

நாலு லேயருக்கு இரண்டு கேள்வி. அனலாக் கிரவுண்டையும் டிஜிட்டல் கிரவுண்டையும் பிரிக்கலாமா? டிஸ்ப்ளேக்கு 20 செ.மீ. ரிப்பன் கேபிள் போகிறது, அதிலும் ஏறுமா?

செம்புத்தடம் (தேவகோட்டை):

பிரிக்காதீர்கள். பிரித்த கோட்டை எந்த டிராக் தாண்டினாலும் முன்பு சொன்ன அடைபட்ட துவாரம்தான். பிளேன் ஒன்றாகவே இருக்கட்டும். பாகங்களை மட்டும் பிரித்து வையுங்கள். மின்முனை கனெக்டர், ஆப்ஆம்ப், ஏ.டி.சி. ஒரு ஓரம், டிஸ்ப்ளே கனெக்டர் எதிர் ஓரம், மைக்ரோ நடுவில். கிளாக் ஏ.டி.சி. பக்கமே வராது, 11 செ.மீ. ஒட்டுறவும் தானாக ஒழியும். எந்த ஃபில்டரைவிடவும் இந்த இடமாற்றம் பெரிய பலன் தரும்.

ரிப்பன் கேபிளில் கண்டிப்பாக ஏறும். 1.27 மி.மீ. இடைவெளியில் வயர்கள், கீழே பிளேன் கிடையாது. கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கின் பழைய ஐ.டி.இ. கேபிளில் 40 வயர் இருந்தது. நொடிக்கு 66 மெகாபைட் வேகம் வந்தபோது அதே 40 பின் கனெக்டரில் 80 வயர் கேபிள் ஆனது. கூடுதலான 40-ம் சிக்னல்களுக்கு நடுவே போன கிரவுண்ட்தான். உங்கள் கனெக்டரையும் அப்படியே அடுக்குங்கள்: கிரவுண்ட், கிளாக், கிரவுண்ட், டேட்டா, கிரவுண்ட், சிப் செலக்ட், பிறகு 3.3 வோல்ட். கிளாக்குக்கு இரு பக்கமும் கிரவுண்ட் இருப்பது கட்டாயம், மற்றதில் பின் பற்றாவிட்டால் விட்டுக்கொடுக்கலாம். ரெசிஸ்டர் இந்தப் போர்டில் 33 ஓம் போதும், 0.2 மி.மீ. உயரத்தில் 0.35 அகலம் கொடுத்தால் டிராக் 50 ஓம் பக்கம் வரும்.

நானோநொடி (பள்ளத்தூர்):

ஆர்டர் போடும்போது ஒண்ணு கவனிங்க. "நாலு லேயர், 1.6 மி.மீ."ன்னு மட்டும் எழுதினா உள்ள அடுக்கு உயரத்தை ஃபேப்காரங்க (போர்டு அடிக்கிறவங்க) அவங்க வசதிக்கு வச்சிடுவாங்க. முதல் லேயருக்கும் ரெண்டாவது லேயருக்கும் நடுவுல 0.2 மி.மீ. பிரிப்ரெக் (லேயருக்கு நடுவுல வைக்கிற பிசின் ஷீட்டு), 7628 வகை ஒரு ஷீட்டுன்னு ஃபேப் குறிப்புலயே எழுதுங்க. கெர்பர் (போர்டு வரைபட ஃபைல்) அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டாவது லேயரை மட்டும் தனியாத் திறந்து பாருங்க. கனெக்டர் பின் வரிசைக்குக் கீழ வயா ஓட்டைகளைச் சுத்திச் செம்பை விலக்குற வட்டம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளக் கீறலா ஆகியிருக்கும். வயாவுக்கு வயா 0.3 மி.மீ.யாவது செம்பு ஓடுற மாதிரி வட்டத்தைச் சுருக்குங்க, இல்லைன்னா அந்த வரிசையைக் கொஞ்சம் கலைச்சு வையுங்க.